தாய்மாமன் உட்கார்ந்த நாற்காலி

மகளின் ஸ்கூல் இன்டர்வியூவுக்கு இங்கிலீஷ் பேசுகிற அப்பாவுக்கு எங்கே போவது என்று போன வாரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தானே தயாபரன், அந்தக் கவலை தீர்ந்துவிட்டது. ஆள் கிடைத்துவிட்டான். வெளியில் தேடவும் வேண்டியிருக்கவில்லை, சொந்த மைத்துனன்தான், மனைவி ஜீவராணியின் தம்பி.

சதீஸ்குமார் பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருப்பவன். வெள்ளைக்காரர்களிடம் அறைச் சாவியைக் கொடுத்தபடியே அவர்கள் ஊர் மழையைப் பற்றி விசாரிக்கிற அளவுக்கு அவனுக்கு இங்கிலீஷ் ஓடும். நமுனுகுலவில் தயாபரனின் தோட்டத்து லய வீட்டு வாசலில் காலையில் வந்து இறங்கியபோதே ஹோட்டல் கோட்டைப் போட்டிருந்தான். பெயர்ப் பட்டையைக் கழற்றிய இடத்தில் இரண்டு ஊசித் துளைகள் மட்டும் தெரிந்தன.

தயாபரன் தன்னுடைய சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். இதை மாற்ற வேண்டுமா என்று கேட்டான்.

"வேணாம் மச்சான். நீங்க சாதாரணமாவே வாங்க. டிரைவர்னா அப்படித்தானே இருப்பாங்க."

சதீஸ்குமார் அதை மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. தயாபரன் டிரைவர்தான். வெலிமடை மரக்கறி முதலாளியின் லொறியில் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு இரவும் பகலும் ஓடுகிறவன். எந்தச் சந்துக்குள்ளும் பாரத்தோடு ரிவர்ஸ் எடுப்பான். ஆனாலும் அந்த வார்த்தை அவனுக்குச் சுருக்கென்றது. கழுத்துப் பொத்தானைப் போட்டான், பிறகு கழற்றினான், பிறகு மறுபடியும் போட்டான்.

இத்தனை பாடும் ஜீவராணியால் வந்தது. அவள் கட்டாரில், டோஹாவில், ஓர் இன்டர்நெஷனல் ஸ்கூலின் பாலர் வகுப்பில் ஆயா. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பதும் சப்பாத்து மாட்டி விடுவதும் அவள் வேலை. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே அவள் மனதுக்குள் தன் மகள் யதுர்ஷிகாவுக்கு ஒரு ஸ்கூலைத் தேட ஆரம்பித்துவிட்டாள். ராத்திரியானால் கட்டிலில் படுத்தபடி ஊவா மாகாணத்து இன்டர்நெஷனல் ஸ்கூல்களின் வீடியோக்களை எல்லாம் பார்ப்பாள். ஒரு ஸ்கூலைப் பிள்ளைகள் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தள்ளினாள். இன்னொன்றை, எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதிபர்தான் சிரிக்கிறார், பிள்ளைகளைக் காணோம் என்று தள்ளினாள். கடைசியில் மிஞ்சியது பதுளையில் இருக்கிற ஒன்று.

"இங்கிலீஷுக்காக மட்டும் இல்லங்க," என்று போனில் சொல்லியிருந்தாள். "இங்க நாலு வயசுப் பிள்ள டீச்சர் மூஞ்சியப் பாத்து, எனக்கு இது பிடிக்கலன்னு சொல்லுது. டீச்சர் முட்டி போட்டு உக்காந்து கேக்குறாங்க. நம்ம பிள்ளைங்க பெரியவங்களப் பாத்தாலே கையக் கட்டிக்கிட்டு நிக்குதுங்க. நீங்க அங்க போனா முதல்ல அதத்தான் பாக்கணும். பிள்ளைங்க கையக் கட்டிக்கிட்டுப் பேசுதுங்களான்னு பாருங்க."

பெற்றோரில் ஒருவரோடு இங்கிலீஷில் இன்டர்வியூ உண்டு என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள். ஜீவராணிக்கு வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது. ஆகவே தயாபரன்தான் போக வேண்டும். அவள் நாலு வசனங்களைத் தன் குரலில் பதிந்து அனுப்பினாள். அவனும் லொறி ஓட்டிக்கொண்டே லீக்ஸ் மூட்டைகளுக்குக் கேட்கும்படி சொல்லிப் பார்த்தான். நாலும் நன்றாகத்தான் வந்தன. ஐந்தாவதாக ஒன்றை அவர்கள் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்று யோசித்த அன்றுதான் அவனுக்குச் சோறு இறங்காமல் போனது.

மைத்துனனை அனுப்பலாம் என்ற யோசனைக்கு நியாயம் கண்டுபிடித்துக் கொடுத்தவள் தயாபரனின் அக்கா விஜயலெட்சுமி. மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து யதுவை வளர்க்கிறவளும் அவள்தான்.

"காது குத்துறப்ப பிள்ள யாரு மடியில உக்காந்துச்சு? தாய்மாமன் மடியிலதானே? அன்னிக்கு நீ எங்கடா இருந்த? பந்தியில சாம்பார் வாளியோட நின்ன. அதுக்காக நீ அப்பன் இல்லன்னு ஆயிருச்சா?"

அந்தக் கேள்வியில் தயாபரன் விழுந்துவிட்டான். உண்மைதானே, நம் வீட்டு விசேஷம் எதிலும் முன்னால் உட்காருவது மாமன், பின்னால் ஓடியாடுவது அப்பன். இதையும் அப்படி ஒரு விசேஷமாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஜீவராணியிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

முதலாளியின் வேனை இரவல் வாங்கியிருந்தான். எப்போதும் முன் ஸீட்டில் அவனுக்குப் பக்கத்தில் தொற்றிக்கொள்கிற யது, இன்று பின்னால் மாமாவோடு உட்கார வைக்கப்பட்டாள். பசறைப் பாதையின் வளைவுகளில் வேன் இறங்கிக்கொண்டிருக்க, பின்னால் பாடம் நடந்தது.

மாமா யார்? டாடி. முன்னால் இருப்பது யார்? டிரைவர் அங்கிள். யது ஒருமுறைகூடத் தவறவில்லை. கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தபடி வந்த தயாபரனுக்கு, இவ்வளவு கெட்டிக்காரி இன்று கொஞ்சம் தடுமாறியிருக்கக் கூடாதா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

பசறையில் சதீஸ்குமார் இறங்கிப் போய் உறிஞ்சு குழாய் குத்திய ஒரு பெரிய சொக்லட் பால் பக்கெட் வாங்கி வந்தான். வளைவு ரோட்டில் இவளுக்கு வயிற்றில் ஒன்றும் தங்காது, புளிப்பு மணத்துக்கு ஒரு தேசிக்காயை முகர வைத்து வெறும் வயிற்றோடுதான் கூட்டிப் போக வேண்டும் என்று தயாபரன் சொல்லிப் பார்த்தான்.

"ஒரு நாளைக்கு அப்பாவா இருக்க விடுங்க மச்சான்," என்று சிரித்தான் மைத்துனன்.

பிள்ளை கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிக் குடித்தாள்.

ஸ்கூல் பதுளை டவுனுக்கு மேலே, ஒரு மேட்டில் இருந்தது. கேட்டில் நின்ற வீரய்யா என்ற காவலாளி கோட்டைப் பார்த்து ஸல்யூட் வைத்தார். தயாபரனைப் பார்த்து, டிரைவர்கள் அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ஜம்பு மரத்தடியைக் காட்டினார். யது மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மரத்தடியில் ஏற்கெனவே இரண்டு டிரைவர்கள் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தயாபரனால் உட்கார முடியவில்லை. வேனின் கண்ணாடியைத் துடைத்தான். டயரை உதைத்துப் பார்த்தான். பிறகு ஜீவராணி சொன்னது நினைவுக்கு வந்து வேலியோரம் போய் நின்றான். மைதானத்தில் ஒரு பொடியன் டீச்சரிடம் எதற்கோ வழக்குப் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு கைகளும் காற்றில் பறந்தன. டீச்சர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார், கடைசியில் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார்.

இங்கே யாரும் கையைக் கட்டவில்லை. அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். கடல் தாண்டி எங்கோ கட்டிலில் படுத்துக்கொண்டு எப்படிச் சரியாகப் பிடித்தாள் என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது. உடனே அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. இடைவேளையில் கேட்கட்டும் என்று குரலில் பதிந்து அனுப்பப் போனைக் கையில் எடுத்தான். இன்டர்வியூ நடக்கிற நேரத்தில் நீங்கள் எப்படி வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்பாள். போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

அலுவலகத்து ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் சதீஸ்குமார் கால்மேல் கால் போட்டுக் கைகளை விரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மேசைக்கு அப்பால் அதிபர் ஸைனப் மேடம், சாம்பல் நிற முக்காட்டோடு, சிரித்துத் தலையாட்டினார். பக்கத்து நாற்காலியில் யதுவின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. அது சற்று நேரத்தில் முன்னால் சாய்ந்தது. தயாபரனுக்கு அந்தச் சாய்வு தெரியும். யதுவோடு வந்தால் அவன் முகம் துடைக்க ஒரு துவாயும் தண்ணீர்ப் போத்தலும் எப்போதும் வேனில் வைத்திருப்பான். அவற்றைக் கையில் எடுப்பதற்குள் அலுவலகப் பெண் றுஷ்தா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"டிரைவர், தண்ணி ஈக்கா? பிள்ள வாந்தி எடுக்குது."

அவன் ஓடினான்.

சொக்லட் பால் முழுவதும் அதிபரின் அறைத் தரையில் கிடந்தது. சதீஸ்குமார் கோட்டின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான். தயாபரன் முட்டி போட்டு உட்கார்ந்தான். இடது கையால் அவள் நெற்றியைத் தாங்கினான், வலது கையால் முதுகை மேலிருந்து கீழாகத் தடவினான். "ஒண்ணுமில்லடா. வரட்டும். எல்லாம் வரட்டும்," என்று காதுக்குள் சொன்னான். அவள் எடுத்து முடித்ததும் வாயைத் துடைத்து, உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றி முகத்தைக் கழுவினான். ஒரு மிடறு குடிக்க வைத்தான். பிறகு தரையையும் துடைத்தான்.

அவன் எழுந்தபோது ஸைனப் மேடம் பக்கத்தில் நின்றார். இங்கிலீஷில் ஏதோ வரப்போகிறது என்று அவனுக்கு வியர்த்தது.

"நல்லாப் பாக்குறீங்க பிள்ளைய," என்றார் மேடம், சுத்தமான பதுளைத் தமிழில். "இவங்கட வீட்டுல எவ்வளவு காலமா ஈக்கிறீங்க?"

தயாபரன் துவாயையும் போத்தலையும் கீழே வைத்தான். இவர் தமிழ் பேசுகிறவர். பேச்சைக் கேட்டால் பதுளைக் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவர் போலிருந்தது. அவனோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் தமிழில் பேசியிருப்பார். அதைக் கேட்டுப் பார்க்கக்கூட அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இந்தப் பிள்ள பொறந்ததுல இருந்துங்க, மேடம்," என்றான்.

அது பொய்யில்லை. அந்தக் காலை முழுவதும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் பேசிய ஒரே உண்மை அதுதான்.

மேடம் சதீஸ்குமாரின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். உங்கள் டிரைவர் நல்ல மனிதர், விட்டுவிடாதீர்கள் என்பது அதன் அர்த்தம். அந்த அளவுக்கு தயாபரனுக்கு விளங்கும். மைத்துனன் யெஸ், யெஸ் என்றான்.

அப்போதுதான் தயாபரன் கவனித்தான். மேடத்துக்கு முன்னால் அவன் இரண்டு கைகளையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். எப்போது கட்டினான் என்று அவனுக்கே தெரியாது. பக்கத்தில் யது அவனை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவளும் தன் சின்னக் கைகளைக் கட்டிக்கொண்டாள். வெளிறிப் போன முகத்தோடு, சொல்லிக் கொடுத்ததை மறக்காமல் சொன்னாள்.

"தேங்க் யூ, அங்கிள்."

இடம் கிடைத்துவிட்டது. வாந்தி எடுத்த பிறகும் நன்றி சொல்லத் தெரிந்த பிள்ளை என்று மேடத்துக்கு நல்ல பிடித்தம். றுஷ்தா கோட்டுப் போட்ட அப்பாவைப் படம் எடுத்தாள், பிள்ளையைப் படம் எடுத்தாள், பின்னேரத்தில் பிள்ளையைக் கூட்டிப் போக அனுமதி வேண்டுமே என்று டிரைவரையும் படம் எடுத்தாள்.

வேனில் ஏறியதும் சதீஸ்குமார் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு ஒரே குஷியாகப் பேசினான். எல்லாம் எவ்வளவு தோதாக அமைந்துவிட்டது பாருங்கள், நீங்களே தினமும் கொண்டு வந்து விடலாம், நீங்களே கூட்டிக்கொண்டு போகலாம், கூட்டம் என்று கூப்பிட்டால் மட்டும் நான் வந்து தலையைக் காட்டுகிறேன், ஜீவராணி அக்காவுக்கு இதைச் சொல்லவே வேண்டாம் என்றான்.

அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் தயாபரனை இன்னும் குடைந்தது. பிள்ளைக்கு ஸ்கூல் கிடைத்துவிட்டது. ஜீவராணி இத்தனை வருசம் அடுத்தவர் பிள்ளைக்கு மூக்குத் துடைத்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது. தான் மரத்தடியில் நின்றால் என்ன, மண்டபத்தில் உட்கார்ந்தால் என்ன. அப்படிச் சொல்லித்தான் மனதை அடக்கிக்கொண்டு முதல் வளைவு வரைக்கும் ஓட்டினான்.

யது இப்போது முன் ஸீட்டில் இருந்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவன் காதைக் கொடுத்தான். அங்கிள், அங்கிள், அங்கிள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னடா அது?"

"பழகுறேன்ப்பா. நாளைக்கு ஸ்கூல்ல மறந்துபோய் அப்பான்னு கூப்பிட்டுருவேனோன்னு பயமா இருக்கு."

தயாபரன் வேனை ஓரம் கட்டினான். பயம் இல்லாமல் பேசட்டும் என்றுதான் அவள் அம்மா இந்த ஸ்கூலைத் தேடினாள். இவர்களோ, அப்பா என்று கூப்பிடவே பயப்பட வைத்துத்தான் அதற்குள்ளே அனுப்புகிறார்கள். அவனுக்கு அழுகை வந்தது. பிள்ளைக்குத் தெரியாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டு வேனை மறுபடியும் ஸ்கூல் பக்கம் திருப்பினான்.

சதீஸ்குமாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பின்னாலிருந்து தோளைப் பிடித்தான்.

"மச்சான், கொஞ்சம் யோசிங்க. பொய் சொன்னம்னு தெரிஞ்சா இடத்தத் தூக்கிருவாங்க. அப்புறம் அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் மாப்புள. உன்னய யாரும் குத்தம் சொல்ல விடமாட்டேன். நீ வேன்லயே இரு."

கேட்டில் வீரய்யா மறுபடியும் ஜம்பு மரத்தைக் காட்டினார். தயாபரன் பிள்ளையை இறக்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்தான்.

"தம்பி, டிரைவர் எல்லாம் உள்ள போக ஏலாது."

"டிரைவர்தாங்க நான். இந்தப் பிள்ளையோட அப்பாவும் நான்தான்."

வீரய்யா அவனையும் பார்த்தார், வேனுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்த கோட்டுக்காரனையும் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்துவிட்டார்.

ஸைனப் மேடம் வராந்தாவில் நின்று ஒரு டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்துச் சிரித்தார். யதுவிடம் இங்கிலீஷில், எதையாவது மறந்துவிட்டு வந்துவிட்டாயா என்பது போலக் கேட்டார். தயாபரனின் வலது கை பழக்கத்தில் நெஞ்சுக்கு வந்தது. இடது கை யதுவிடம் இருந்ததால் கட்ட முடியவில்லை. வலது கையையும் இறக்கினான்.

"யது," என்றான், "நான் யாருன்னு மேடத்துக்குச் சொல்லும்மா."

அவள் திரும்பிக் கேட்டுக்கு வெளியே நின்ற வேனைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். எது சரியான பதில் என்று சின்ன முகம் தவித்தது. அவன் அவள் உயரத்துக்கு முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"உனக்கு எது வருதோ அதச் சொல்லு. பயப்படாத."

"அப்பா," என்றாள் யது. பிறகு மேடத்தைப் பார்த்து, மைதானத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, "எங்க அப்பா," என்றாள்.

மேடத்தின் சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் நின்ற டீச்சரை வகுப்புக்குப் போகச் சொன்னார். அவர் போகும் வரைக்கும் காத்திருந்தார்.

"அப்ப, என்ட ரூமுல உக்காந்து அவ்வளவு நேரம் பேசினது யாரு?" என்று கேட்டார், மிகவும் மெதுவாக.

தயாபரன் வாயைத் திறந்தான். அதே நேரம் அவன் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்க்காமலே தெரியும். டோஹாவில் இது ஜீவராணிக்கு இடைவேளை நேரம். இன்டர்வியூ எப்படிப் போனது, என்ன கேட்டார்கள், அந்த நாலு வசனத்தையும் சொன்னீர்களா என்று ஆசையாகக் கேட்கக் காத்திருப்பாள். போன் விடாமல் அடித்தது. மேடம் பதிலுக்காக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். யது அவன் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த முறை யாரும் கேட்காமலே, "அம்மாதான்ப்பா, எடுங்க," என்றாள்.